எழிலரசி போட மறுத்த கையெழுத்து

செம்மங்குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்து பாலிடெக்னிக் போன முதல் பெண் என் தங்கை எழிலரசி. அதை அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை. பதினோரு நாள் அப்பாவோடு பேசாமல் இருந்து வாங்கினாள். சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டைக்குள் குடியிருப்பவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மருந்து வாசனை அடிக்கிறது என்று மூக்கைப் பொத்திய பெண்களுக்கு நடுவில், மூன்று வருடமும் முதல் பெஞ்சை விட்டுக் கொடுக்கவில்லை. கணக்குப் பாடத்தில் இரண்டு தடவை தோற்றாள். மூன்றாவது தடவை எழுபத்தொன்று எடுத்தாள். அப்புறம் நேராக இரண்டாம் வருடத்தில் சேர்ந்து பி.இ. முடித்தாள். சிதம்பரத்தில் ஒரே ஒரு வேலைக்கு பதினோரு ஆண் பிள்ளைகளோடு நேர்முகத் தேர்வுக்குப் போய் அந்த வேலையை வாங்கிக்கொண்டு வந்தாள். அங்கே இருபத்து நான்கு மெஷின்களை, பெரிய படிப்பு படித்தவர்களால் ஒன்றுபோல் நிற்க வைக்க முடியாதவற்றை, ஒன்றுபோல் நிற்க வைத்தாள்.

இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்த இடத்தில் அவளுக்கு இருந்த பெயர் "அந்த கான்ட்ராக்ட் பொண்ணு". மூன்று வருடம் அந்தப் பெயர்தான்.

நான் அவளுக்கு ஏழு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். சிப்காட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் ஷெட்டில் வேலை. இருபத்தைந்து கிலோ பையில் நூறு கிராம் குறைந்தாலும் எனக்குக் கையிலேயே தெரியும். கம்ப்யூட்டரைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் அவள் எனக்குச் சொல்லிப் புரிய வைத்தது. தப்பு இருக்கக் கூடாதென்று, எழுதியதை அவளிடம் படித்துக் காட்டியிருக்கிறேன்.

அவள் வேலை பார்ப்பது கடல் அலையையும் புயலையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் ஓர் ஆய்வு நிலையம். பெயர் வேண்டாம். அங்கே குளிரூட்டிய ஓர் அறையில் இருபத்து நான்கு மெஷின்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குத் தலைமையாக இன்னொன்று. எல்லாம் சேர்ந்து ஒரே மெஷின் மாதிரி வேலை செய்ய வேண்டும். யாருடைய கணக்கு முதலில், எந்த மெஷினில், எத்தனை மணி நேரம் என்று பிரித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் உண்டு. அதற்குப் பெயர் ஸ்லர்ம்.

"உங்க ஷெட்டுல மேஸ்திரி இருக்காரில்லக்கா? எந்த மூட்ட எந்த லைனுக்குப் போவணும்னு சொல்றவரு. அதான் இது" என்றாள் ஒரு நாள்.

"எங்க மேஸ்திரி கத்துவாரு. இதுவும் கத்துமா?"

"கத்தாது. சும்மா நின்னுடும். அது இன்னும் மோசம்."

அந்த மேஸ்திரியின் ஆள் ஒருவன் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார வேண்டும். அதாவது இருபத்து நான்கு மெஷினிலும் ஒரே மாதிரி நிறுவ வேண்டும். அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் அதைச் செய்தவர் சுப்பராயலு சார். நிரந்தர ஊழியர், அந்த அறைக்குப் பொறுப்பாளர். ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கையால் போடுவார். ஒன்றுக்கு அரை நாள் பிடிக்கும். என்ன செய்தார் என்பது அவர் மண்டைக்குள் மட்டும்தான் இருக்கும். ஏழாவது மெஷினில் செய்ததைப் பதினேழாவதில் மறந்திருப்பார். இரண்டு மெஷின்கூட ஒரே மாதிரி இருந்ததில்லை. ஏதாவது நின்றால், "அது பழைய மெஷின்பா" என்பார்.

எழிலரசி அதை மாற்றினாள். ஆன்சிபிள் என்று ஒரு கருவி இருக்கிறதாம். ஒரு மெஷினில் என்னென்ன எப்படி இருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தால், அது எல்லா மெஷினுக்கும் தானே போய்ப் பார்க்கும். எழுதியபடி இருந்தால் தொடாது. இல்லையென்றால் எழுதியபடி செய்யும். பத்து தடவை ஓட்டினாலும் கெடாது. அவள் எழுதியது அறுபத்தொரு வேலை. ஒவ்வொரு வேலைக்கும் தலைப்பைத் தமிழில் வைத்தாள். 'சாவிக் கோப்பு எல்லா மெஷினிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.' 'கடிகாரச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.' இப்படி.

அதைப் பார்த்து சுப்பராயலு சார் சிரித்தாராம். "ஏம்மா, தமிழ்ல எழுதுனா மெஷினுக்குப் புரியுமா?"

"தலைப்பு மெஷினுக்கு இல்ல சார். எனக்கப்பறம் வர்ற ஆளுக்கு."

அந்த அறுபத்தொன்றையும் தாளில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் தலைப்பைப் படிக்க, அவள் அதற்கு என்ன எழுதியிருக்கிறாள் என்று சொல்ல, ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் அடித்தேன். நாற்பத்து மூன்றும் நாற்பத்து நான்கும் இடம் மாறியிருந்தன. நான்தான் சொன்னேன். "சாவி போடறதுக்கு முன்னாடியே பூட்டத் தொறக்கச் சொல்றியேடி!" தலையில் அடித்துக்கொண்டு மாற்றினாள்.

இரண்டு வாரத்தில் நடந்த வேலை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நிறுவல் பதிவேட்டில் 'செய்தவர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சுப்பராயலு சார் கையெழுத்துப் போட்டார்.

அங்கே அப்படித்தான் வழக்கம். ஏஜென்சி மூலம் வந்தவர்கள் எதிலும் கையெழுத்துப் போட முடியாது. வருகைக்கு விரல் வைத்தால் போதும். மெஷினுக்குள் போவதற்கும் எல்லாருக்கும் சேர்த்து 'அட்மின்' என்று ஒரே பெயர். அவள் செய்ததையெல்லாம் அட்மின் செய்தது என்றுதான் மெஷினும் சொல்லும். எங்கள் கம்பெனியிலும் இதுதான். பதிவேட்டை நாங்கள் எழுதுவோம், கீழே கையெழுத்து நிரந்தர ஆளுடையது. பதினாறு வருடமாகப் பார்த்துப் பழகியதால் எனக்கு அதில் கோபம் வராது என்று நினைத்திருந்தேன். தங்கைக்கு நடந்தபோது வந்தது.

2024 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அப்படிப் புதிதாக நிறுவிய மெஷின் அறைக்குத் திறப்பு விழா. ஊழியர்களின் குடும்பத்தாரும் வரலாம் என்று சொன்னதால் நானும் அம்மாவும் போனோம். ஏழரை மணி பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி சிதம்பரம் வரை அம்மா நின்றுகொண்டே வந்தாள், பட்டுப் புடவை கசங்கும் என்று சீட்டில் உட்காரவில்லை. போய்ப் பார்த்தால் எழிலரசி டீ கவுண்டரில் நிற்கிறாள்.

"நீ ஏண்டி இங்க நிக்கற? உள்ள யாரு பாத்துக்கறா?"

"சுப்பராயலு சார் பாத்துக்கறேன்னுட்டாருக்கா. விருந்தாளிங்க வர்றாங்க, ஆள் கம்மின்னு என்னய இங்க வுட்டாங்க."

என் தங்கை செய்த மெஷின்கள் உள்ளே. என் தங்கை கையில் டீ டிரே. அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

பத்தரைக்குள் தொடங்கிவிட வேண்டும், பத்தரைக்கு ராகு காலம். ஆனால் சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர் இறங்கும்போதே பத்தே முக்கால். பதினொன்றரைக்கு அவர் கிளம்பியாக வேண்டுமாம். உள்ளே ஓடினார்கள், வெளியே ஓடினார்கள். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். விருந்தினர் பட்டனை அமுக்கினார். பெரிய திரையில் 'முதல் வேலை தொடங்கியது, 10.12' என்று வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். என் போனில் மணி 10.57. பேக்கிங் ஷெட்டில் பையின் மேல் நேரம் எழுதிப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தியது. பெரிய இடம், ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

பதினொன்றேகாலுக்கு இருபத்து நான்கு மெஷினும் நின்றுபோயின. கெட்டுப்போகவில்லை. மின்சாரம் இருக்கிறது, காற்றாடி சுற்றுகிறது. ஆனால் தலைமை மெஷின் சொல்வதை ஒன்றும் கேட்கவில்லை. விருந்தினர் அப்போது சாப்பிடப் போயிருந்தார்.

சித்தார்த் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர். திங்கட்கிழமைக்குள் தன் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டியவர். அவர்தான் டீ கவுண்டருக்கு ஓடி வந்தார்.

"எழில் மேடம், எல்லாம் டவுன்! வந்து பாருங்க."

டிரேயை வைத்துவிட்டு ஓடினாள். அறை வாசலில் சுப்பராயலு சார் கையை நீட்டி மறித்தார்.

"நீ தொடாதம்மா. தொட்டது போதும். உன் ஆட்டோமேட்டிக்கு பண்ண வேலதான் இது."

"சார், ஒரு நிமிஷம் பாக்கறேன்..."

"நான் கையால போட்டப்ப ஒரு நாளாவது இப்படி ஆயிருக்கா? சொல்லு."

ஆகியிருக்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. அட்மின் கடவுச்சொல்லை அவர் அப்போதே மாற்றிவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. அவள் தமிழில் சொன்னாள். 'என்னுடைய தானியங்கி நிறுவல் முறையில் ஏற்பட்ட பிழையால் நிலையத்தின் பணி பாதிக்கப்பட்டது. இதற்கு நானே பொறுப்பு.' கீழே புள்ளி வைத்த கோடு. கோட்டுக்கு அடியில் அவள் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். திங்கட்கிழமை காலைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போட்டால் எச்சரிக்கையோடு விடுவார்கள். போடாவிட்டால் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்புவார்கள். மெஷின்களை சுப்பராயலு சார் பழையபடி கையால் போடுவார்.

மூன்று வருடத்தில் அந்த நிலையம் அவளிடம் கையெழுத்துக் கேட்ட முதல் தாள் அது. அவள் கட்டிய வேலைக்குக் கேட்கவில்லை. இரண்டு வாரத்தை நாற்பது நிமிடம் ஆக்கியதற்குக் கேட்கவில்லை. தப்பு என்றதும் இவளுக்குக் கையெழுத்துப் போடும் தகுதி வந்துவிட்டது.

"போட்டுக் குடுத்துடுடி" என்றாள் அம்மா. "வேல நிக்கட்டும். ஒரு கையெழுத்துதான, ஒடம்புல ஒட்டிக்கவா போவுது?"

"ஒட்டிக்கும்மா. நாளைக்கு எங்க போனாலும் இந்தத் தாளுதான் முன்னாடி போவும்."

"அப்ப உன் மேல தப்பு இல்லன்னு தெரியுமா உனக்கு?"

எழிலரசி அச்செடுத்த அந்தத் தாள்களை மறுபடியும் கையில் எடுத்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அவளுக்குத் தெரியவில்லை. பார்க்கவே விடாதபோது எப்படித் தெரியும்? சனிக்கிழமையும் ஞாயிறு மதியம் வரைக்கும் அந்த அறுபத்தொரு தலைப்பையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். தன் வேலையில்தான் தப்பு இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டாள். செய்யாத தப்பை நம்ப வைத்துவிட்டார்கள் என் தங்கையை.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எல்லாம் சரியாதான்க்கா இருந்துது. காலைல ஒம்பது மணிக்கு நானே ஓட்டிப் பாத்தேன்."

"ஒம்பதுக்கு நல்லா இருந்தது பதினொன்னேகாலுக்கு எப்படிடி கெட்டுப்போவும்? நடுவுல இன்னா நடந்துது?"

"விழாதான் நடந்துது."

"அந்த விழாலயே மணியத் தப்பா காட்டுனாங்க" என்றேன். ஆத்திரத்தில், சும்மா ஒரு குறையாகத்தான் சொன்னேன். "பெரிய டிவியில பத்து பன்னெண்டுன்னு போட்டாங்க. அப்ப மணி பத்து அம்பத்தேழு."

அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"இன்னாக்கா சொன்ன?"

"நாப்பத்தஞ்சு நிமிஷம் வித்தியாசம். அம்மாவக் கேளு."

"நான் டிவியவா பாத்தேன்? இவ டிரேயத் தூக்கிட்டுப் போறதத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள் அம்மா.

எழிலரசி எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் எனக்கு விளக்கினாள். தலைமை மெஷின் மற்ற மெஷினுக்கு ஒவ்வொரு தடவையும் நேரம் குறித்த ஒரு சீட்டு அனுப்பும். சிப்காட் கேட்டில் பாஸ் காட்டுகிற மாதிரி. ஐந்து நிமிடத்துக்கு மேல் பழைய சீட்டு செல்லாது. தலைமை மெஷினின் கடிகாரம் நாற்பத்தைந்து நிமிடம் பின்னால் போய்விட்டால் அது அனுப்பும் சீட்டெல்லாம் நாற்பத்தைந்து நிமிடம் பழசு. எல்லா மெஷினும் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடும். விழாவில் ஓட்டியது தலைமை மெஷினுக்குள்ளேயே ஓடுகிற சின்ன வேலை. அதனால் அது மட்டும் ஓடியது; மற்ற மெஷின்களுக்கு வேலை அனுப்பியபோதுதான் அவை நின்றது தெரிந்தது.

"ஆனா கடிகாரம் தானா பின்னாடி போவாதுக்கா. சேவை ஒன்னு அத இழுத்துப் புடிச்சுக்கிட்டே இருக்கும். யாராவது அத நிறுத்திட்டுத்தான் மாத்தணும்."

யார் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஏன் என்றும் தெரிந்தது. பத்தே முக்காலுக்குமேல் தொடங்கிய வேலையை ராகு காலத்துக்கு முன்னால் தொடங்கியதாகப் பதிய வேண்டும். அதற்குக் கடிகாரத்தைத் திருப்பியிருக்கிறார்.

நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் பார்ப்போம். அரிசி மூட்டை பிரிப்பதற்குக்கூட அம்மா காலண்டரைப் பார்ப்பாள். நேரம் தவறிவிட்டால் அடுத்த நேரத்துக்குக் காத்திருப்போம், இல்லையென்றால் சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத் தொடங்குவோம். கடிகாரத்தைத் திருப்பி வைத்து யாரை ஏமாற்றுவது? ராகுவையா? ராகு ஏமாந்தாரோ இல்லையோ, பழி வந்து விழுந்தது டீ டிரே தூக்கியவள் தலையில்.

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். இயக்குநர் கார்த்யாயினி மேடம். மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுப்பராயலு சார் தட்டச்சு செய்த அந்தத் தாளை அனுப்பச் சொன்னது அவர்தான். சுப்பராயலு சாரும் அறையில் இருந்தார். கதவு திறந்திருந்ததால் வராந்தாவில் நின்ற எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது.

"கையெழுத்துப் போட்டாச்சா எழிலரசி?"

"இல்ல மேடம். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்க அனுமதி குடுங்க. ஒன்னும் மாத்தாது. எழுதுனபடி இருக்கான்னு பாக்க மட்டும் செய்யும். நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

"மறுபடியும் கெடுத்துவைக்கவா?" என்றார் சுப்பராயலு சார்.

"பாத்தா கெட்டுப்போவுமா சார்?"

மேடம் கொஞ்சம் யோசித்தார். "கடவுச்சொல் குடுங்க சார்" என்றார்.

மேடத்தின் கம்ப்யூட்டரிலிருந்தே ஓட்டினாள். இருபத்து நான்கு மெஷினும் அறுபத்தொரு தலைப்புக்கும் 'சரி' என்று பச்சையாகச் சொல்லின. தலைமை மெஷினில் அறுபது பச்சை. ஒன்று மட்டும் மஞ்சள். மேடம் அதை வாய்விட்டுப் படித்தார்.

"கடிகாரச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்."

"ஓடல மேடம்" என்றாள் எழிலரசி. இன்னும் ஒரு கட்டளை தட்டினாள். "நிறுத்துனது வெள்ளிக்கிழம காலைல 10.49. அட்மின். வேற எடத்துலேர்ந்து இல்ல, மெஷின் எதிர்லயே நின்னு நிறுத்தியிருக்காங்க. அப்ப நான் கீழ டீ குடுத்துட்டிருந்தேன். நீங்களும் என் கையாலதான் வாங்குனீங்க."

மேடம் சுப்பராயலு சார் பக்கம் திரும்பினார்.

"நல்ல நேரத்துல பதியணும்னுதான் மேடம்..." என்றார் சுப்பராயலு சார். "விழா முடிஞ்சதும் திருப்பி வெக்கலாம்னு நெனச்சேன். சாப்பாட்டு அவசரத்துல மறந்துட்டேன். நிலையத்தோட நல்லதுக்குத்தான..."

மறந்துவிட்டாராம். கடவுச்சொல்லை மாற்றுவதற்கு மறக்கவில்லை. என் தங்கையின் பெயரைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்யவும் மறக்கவில்லை.

அவரிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அவருக்குப் புள்ளிக் கோடு போட்ட தாள் வரவில்லை. "சரி, இது இந்த அறையோட இருக்கட்டும்" என்றார் மேடம். நான் வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்க் கத்தியிருப்பேன். எழிலரசி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், வராதே என்று.

பிறகு உண்மையாகவே ஓட்டினாள். சேவை தொடங்கியது, கடிகாரம் சரியான நேரத்துக்கு வந்தது. இரண்டு நிமிடத்தில் இருபத்து நான்கு மெஷினும் திரும்பி வந்தன. வராந்தாவின் அந்தப் பக்கத்திலிருந்து சித்தார்த், "ஓடுது! ஓடுது!" என்று கத்தியதைக் கேட்டேன்.

பழுது நீக்கியதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழிலரசி எழுதினாள். என்ன பழுது, எதனால், எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது, எத்தனை மணிக்குச் சரியானது. யார் பெயரையும் எழுதவில்லை. எழுதி முடித்ததும் சுப்பராயலு சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வழக்கம்போல, வெட்கமில்லாமல்.

எழிலரசி உள்ளங்கையை விரித்துப் பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"இதுல நான் போடறேன் சார்."

"ஏஜென்சி ஆளு போடற வழக்கம் இல்லம்மா."

அவள் அவரைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை வந்த தாளைப் பையிலிருந்து எடுத்து மேடத்தின் மேசை மேல், பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். புள்ளிக் கோடு வெறுமையாக இருந்தது.

"தப்புக்கு என் கையெழுத்து செல்லும்னா, இதுக்கும் செல்லும் மேடம். செல்லாதுன்னா ரெண்டுத்துக்கும் செல்லாதுன்னு சொல்லுங்க. இப்பவே கெளம்பறேன்."

மேடம் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். சனிக்கிழமைத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவசரப்படாமல் போட்டாள். 'செய்தவர்' கட்டத்துக்குள், கோட்டைத் தாண்டாமல், தமிழில், செ. எழிலரசி என்று. பக்கத்தில் தேதிக்கு ஒரு சின்னக் கட்டம். அதையும் அவளே நிரப்பினாள்.

16.9.2024.